அம்மா அலையில் ஏறிய கிழமை

பிள்ளைகளே, இங்கிலாந்துக் கடற்கரையில் நாங்கள் ஏழு நாள் நின்ற அந்த ஒரு கிழமையை நீங்கள் இருவரும் இன்றைக்கும் நல்ல விடுமுறை என்றுதான் சொல்கிறீர்கள். போன மாதம் மூத்தவள் போன் எடுத்து, தன் பிள்ளைகளை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும், அம்மாவும் வரவேண்டும் என்றும் கேட்டாள். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார். ஏன் வரமாட்டாராம் என்று அவள் என்னைக் கேட்டாள். முழங்கால் நோ என்றேன். அது பொய். அந்தக் கிழமையைப் பற்றி நான் சொன்ன பொய்களில் அது கடைசியாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. உங்களுக்கும் தமிழ் வாசிக்க அலுப்பாக, பஞ்சியாக இருக்கும். மெதுவாக வாசியுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடை. மூத்தவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் அப்போது ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நான் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினேன். அம்மா பின்னேரங்களில் ஒஃபிஸ்கள் துப்புரவு செய்யப் போவார். நான் உள்ளே வர அவர் வெளியே போவார். கனடாவுக்கு வந்த பிறகு நாங்கள் நாலு பேரும் ஒன்றாக ஒரு கிழமை ஒரு வீட்டில் இருந்ததே இல்லை.

லண்டனில் இருந்த என் அண்ணன், உங்கள் பெரியப்பாதான் கரைச்சல் கொடுத்துக் கூப்பிட்டார். அவருடைய வாய் உங்களுக்குத் தெரியும். "நீங்கள் அங்க ஏரியைக் காட்டிப் பிள்ளையளுக்குக் கடலெண்டு சொல்லுறியளாம். ஒருக்கா வந்து உப்புத் தண்ணியைக் காட்டடா" என்றார். அவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரருக்கு இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், அலைமேல் பலகையில் ஏறி ஓடுகிற அலைப் பலகைக்காரர் கூடுகிற ஒரு சின்ன ஊரில், சக்கரம் பூட்டிய கரவன் வீடு ஒன்று இருந்தது. அதைக் கேட்டு எடுத்துத் தந்தார். தன் காரையும் தந்தார்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் அம்மா. இரண்டு வருடத்துக்கு முந்தி யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மப்பாவும் ஒரு பையோடு வன்னிக்குப் போனார். அம்மம்மா அதற்கு முன்னமே செத்துவிட்டார். அங்கே அவர் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் கொட்டிலில் ஒதுங்கியிருந்தார். போன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அம்மா அதை மேலே கொண்டுவர மாட்டார். கீழே தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்து முடித்துவிட்டுத்தான் லிப்றில் ஏறுவார். அந்த இரண்டு வருடமும் அம்மா சிரித்ததாக எனக்கு நினைவில்லை. சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. கேட்டதற்கு மறுமொழி சொல்வார், அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து அங்கே போக ஒரு முழுப் பகல் எடுத்தது. எனக்கு இடது பக்கம் ஓடிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு சந்தியில் வட்டத்தை மூன்று தரம் சுற்றினேன். "அப்பா, நாங்கள் இஞ்சயே இருக்கப் போறமோ?" என்று தம்பி கேட்டான்.

ஊர் ஒரு சரிவு. மேலே கரவன்கள், கீழே கடல், நடுவில் ஒற்றைத் தெரு. கடைச் சுவர்களில் ஆளுயரப் பலகைகள் சாத்தியிருக்கும். வான்களின் கதவுகளில் கறுப்பு றப்பர் உடுப்புகள் தலைகீழாகத் தொங்கி ஒழுகிக்கொண்டிருக்கும். கடல் வற்றும்போது அரை மைல் தூரத்துக்கு ஈர மணல் வெளிக்கும். அந்த மணலில் இளம் பெடியன்கள் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். அலை வரும், போகும், எழும்ப மாட்டார்கள்.

"உவங்களுக்கு வேலைவெட்டி ஒண்டுமில்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"நல்ல அலைக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்."

"வாறதெல்லாம் அலைதானே."

திங்கட்கிழமை அம்மா சேலைக்கரையை நனைத்துக்கொண்டு கரையில் நின்றார். ஊரில் கடல் பக்கம் போனாலும் பொம்பிளைப் பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க அம்மப்பா விடமாட்டாராம். பலகைகள் வாடகைக்குக் கொடுக்கிற கொட்டிலில் ஒரு வெள்ளைக்காரி இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நரைத்த தலை, எப்போதும் வெறுங்கால். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, அவர் ஒரு றப்பர் உடுப்பைக் கையில் போட்டுக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தார். அம்மா "நோ, நோ" என்று பின்னுக்குப் போக, மூத்தவள்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். அவ சும்மா தாறாவாம் அம்மா, காசு வேண்டாமாம், நீங்கள் பலகையில படுத்தால் போதுமாம். அரை மணித்தியாலம் கெஞ்சியிருப்பீர்கள். கொட்டிலுக்குள் போன அம்மா கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பாக வெளியே வந்தபோது, தம்பி மிருகக்காட்சிச் சாலையில் கண்ட கடல்நாய், சீல் என்று கத்தினான். "பொறு, வந்து கடிக்கிறன்" என்றார் அம்மா. எனக்கு அது யாருடைய குரல் என்றே தெரியவில்லை.

பின்னேரம் நாலு மணி இருக்கும். நான் தெருவோரத்துச் சிவப்பு ரெலிபோன் பெட்டிக்குப் போனேன். எங்கள் அப்பார்ட்மென்ரில் கரப்பான்பூச்சி மருந்து அடிக்க வருவதாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். வீட்டுக் கதவின் திறப்பை ரொறன்ரோவிலேயே இருந்த உங்கள் பெரியம்மாவிடம் கொடுத்திருந்தேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். மருந்து அடித்தார்களா என்று கேட்கத்தான் எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடற்கரை முழுக்கத் தெரிந்தது.

"மருந்து அடிச்சவங்களோ அக்கா?" என்றேன்.

"தம்பி, அவள் பக்கத்தில நிக்கிறாளோ?"

"இல்லையக்கா. கடலுக்கை நிக்கிறா."

"அப்பா போட்டார் தம்பி. செத்துப் பதினொரு நாளாம்."

வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்த ஒருவர் கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து காலையில் பெரியம்மாவுக்குப் போன் வந்திருக்கிறது. காய்ச்சலாம். மருந்து இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பலகையில் குப்புறப் படுத்திருந்தார். வெள்ளைக்காரி இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தார். நுரை வந்தது. அவர் தள்ளிவிட்டார். அம்மா அந்த நுரையோடு கரைவரை வந்தார். அம்மா சிரிக்கும்போது கையால் வாயை மூடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு கையும் பலகையைப் பிடித்திருந்தன. மூட முடியவில்லை. அந்தத் தூரத்திலும் பல் தெரிந்தது.

"அவளைக் கூப்பிடும், நான் சொல்லுறன்" என்றார் பெரியம்மா.

"நான் சொல்லி, எடுக்கச் சொல்லுறன் அக்கா."

"கெதியாச் சொல்லும். நான் இஞ்ச தனியக் கிடந்து அழுகிறன்."

ரிசீவரை வைத்தேன். அந்தப் பெட்டியிலிருந்து கடற்கரைக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடிக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். செத்துப் பதினொரு நாள் போய்விட்டது. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் முடிந்திருக்கும். இன்னும் ஒரு நாள் என்ன செய்துவிடும்? நாளைக்குச் சொல்லலாம். இப்போது ஒரு தரம் சிரிக்கட்டும்.

இது எங்கள் ஆட்களின் பழக்கம். எங்களிடம் சாவு ஒரே நாளில் வராது. முதலில் சுகமில்லை என்று வரும். பிறகு கொஞ்சம் கடுமை என்று வரும். வீட்டில் ஆட்கள் கூடிய பிறகு, தேத்தண்ணி குடிக்க வைத்து, கதிரையில் இருத்தி, பிறகுதான் போட்டார் என்று வரும். என் அம்மா செத்தபோதும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். சொல்லாமல் வைத்திருப்பது அன்பு என்று நான் நம்பினேன். என் தகப்பனும் அப்படியே நம்பினார். அதனால் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்ல வேண்டாம். நான் அதையெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கரைக்குப் போனேன். அம்மா மூச்சு வாங்க வாங்க, "கண்டனீங்களோ? அப்பா கண்டிருந்தா இண்டைக்கு எனக்கு அடிதான்" என்றார்.

"ஓம்" என்றேன். நீங்கள் கமராவைத் தந்து படம் எடுக்கச் சொன்னீர்கள். ஆல்பத்தில் இருக்கிற, அம்மா பலகையோடு நிற்கிற படம் அதுதான். ரெலிபோன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தபடி அமுக்கியதால்தான் அது மங்கலாக இருக்கிறது. வெயில் பட்டுவிட்டது என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது அம்மா ரெலிபோன் பெட்டியடியில் நின்று, அக்காவுக்கு ஒருக்கா எடுத்து அலையில் ஏறினதைச் சொல்லவேண்டும் என்றார். தலை ஈரம், உதடு நீலம், கண் முழுக்கச் சந்தோஷம். பெட்டி பழுது, நானும் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னேன். நாங்கள் பத்து அடி தள்ளிப் போவதற்குள் ஒரு பெடியன் அதற்குள் போய்க் கதைக்கத் தொடங்கினான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை சொல்லவில்லை. அம்மா விடிய எழும்பி, நாங்கள் லண்டனிலிருந்து கொண்டுபோன தேங்காயில் சம்பல் இடித்து, உங்களைக் கடலுக்கு அவசரப்படுத்தினார். அன்றைக்கு அவர் பலகையில் முழங்காலில் எழும்பி நின்றார்.

வியாழக்கிழமை மழை. கரவனுக்குள் இருந்து சீட்டுக்கட்டில் முந்நூற்று நாலு விளையாடினோம். தம்பி சீட்டை ஒளித்துப் பிடிக்கத் தெரியாமல் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. நீங்கள் இருவரும் பக்கத்தில், கதவு பூட்டிக் கிடக்கிறது, அழுதாலும் ஒருவருக்கும் கேட்காது. நான் தொண்டையைச் செருமினேன். அம்மா அதற்குள் கைப்பையைத் திறந்து ஒரு போஸ்ட்காட்டை எடுத்தார். அலையில் பலகைக்காரன் ஒருவன் நிற்கிற படம். கடையில் வாங்கி முத்திரையும் ஒட்டி வைத்திருந்தார். பேனை எடுத்து எழுதி, எழுதினதை எங்களுக்கு வாசித்தார். உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அன்புள்ள அப்பா, நாங்கள் சுகம். இருமல் எப்படி? இந்தப் படத்தில் உள்ள பலகையில் நானும் ஏறினேன். முழங்காலில்தான். ஏசாதேங்கோ. பதில் போடவும்."

பெரிய எழுத்தில் விலாசம் எழுதினார். "மழை விட்டவுடன தபால்பெட்டியில போட்டுவிடுங்கோ" என்று என்னிடம் தந்தார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தபால்பெட்டி தெருவின் மூலையில் இருந்தது. அதற்கு முன்னால் நின்றேன். போஸ்ட்காட்டின் ஒரு முனை பெட்டியின் வாய்க்குள்ளும் போனது. செத்தவருக்கு எழுதிய கடிதத்தை எந்தக் கையால் போடுவது என்று தெரியவில்லை. கிழித்து எறியவும் முடியவில்லை. சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். "போட்டாச்சோ?" என்றார். தலையாட்டினேன். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்போது சொன்னால் இரண்டு நாளைக்கு முந்தித் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும், அந்தப் போஸ்ட்காட்டையும் காட்டவேண்டும். மணலில் இருந்த அந்தப் பெடியன்களைப் போலத்தான் நானும் இருந்தேன். இது சரியான அலை இல்லை, அடுத்தது வரட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமையை எழுதத்தான் எனக்கு மனம் வரவில்லை. அம்மா வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு மட்டும் நீங்கள் கேட்டதால், "கடவுள் இஞ்ச வந்து பாக்க மாட்டார், வாங்குங்கோ" என்றார். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் நாலு பொட்டலம் வாங்கினேன். கடற்சுவரில் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். கடற்பறவை ஒன்று தம்பியின் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. அவன் அழ, அம்மா தன் மீனில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்து, மிச்சத்தை விரல் நக்கி நக்கிச் சாப்பிட்டார். எங்களில் தகப்பன் செத்தால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் பிள்ளைகள் மச்சம் தொட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதுபோல எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரியும். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரே விமான நிலையத்துக்குப் போனோம். காரை வாங்க உங்கள் பெரியப்பா அங்கே வந்திருந்தார். பெரியம்மா லண்டனுக்கு இரண்டு தரம் போன் எடுத்து, ஏன் இன்னும் தங்கச்சி எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா என்னைத் தூணடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சொன்னனியோ?"

"இல்லை."

"சரி, இனி அங்க போய்ச் சொல்லு. பிளேனுக்கை வேண்டாம்" என்றார். அவரும் எங்கள் ஆள்தானே. பிளேனில் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணைக்கு என்ன? ஒரு பகிடியும் விடேல்லை." வேலைக் களைப்பு என்றேன். ஏழு மணித்தியாலம் பக்கத்துச் சீற்றில் இருந்தேன்.

ரொறன்ரோவில் வெளியே வரும் கதவடியில் பெரியம்மா நின்றார். வெள்ளைச் சேலை. அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். எங்களைக் கண்ட சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நீங்களும் போய் அவருடைய கால்களைக் கட்டிப்பிடித்தீர்கள். தம்பியின் கையில் அலைப் பலகைக் கடையின் பை இருந்தது.

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டாரேடி. நீ ஏன் எனக்கு ஒரு போன் எடுக்கேல்லை?"

"எப்ப?" என்றார் அம்மா.

பெரியம்மாவின் அழுகை நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பியிட்டச் செவ்வாய்க்கிழமையே சொன்னனானே" என்றார். அந்தக் குரலில் கோபம் இருக்கவில்லை. அவர் ஐந்து நாள் வேலைக்கும் போகாமல், ரெலிபோனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்திருக்கிறார். தங்கச்சிக்குத் தெரிந்தும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அம்மா அங்கே அழவில்லை. சூட்கேசைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த நாள் நீங்கள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா அறையில் உடுப்புகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் உதற, மணல் கொட்டியது. நான் கதவடியில் நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"ஓம்."

"வெள்ளிக்கிழமை எனக்கு மீன் வாங்கித் தந்தனீங்கள்."

நீர் சிரித்தீர், அதனால்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அந்தச் சிரிப்பையும் அவரிடமிருந்து எடுத்ததாகப் போய்விடும் என்று பட்டது. எப்படியும் எடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அம்மா எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை, ஏரியில்கூட. வீட்டில் போன் அடித்தால் என்னை எடுக்க விடுவதும் இல்லை. அடுப்பில் எண்ணெய் கொதித்தாலும் விட்டுவிட்டு ஓடி வருவார். "அம்மாவுக்கு ஆரோ போய்ஃபிரண்ட் எடுக்கிறார்" என்று நீங்கள் பெரியவர்களான பிறகு பகிடி பண்ணுவீர்கள். அம்மாவும் சிரிப்பார், கையால் மூடிக்கொண்டு. இத்தனை வருடத்தில் என்னை ஒரு தரமும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கடைசி உடுப்பை மடித்துவிட்டு அம்மா கேட்டார்: "அந்தப் போஸ்ட்காட்டைப் போட்டனீங்களோ?"

அது அப்போதும் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

"நல்லது. போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். முப்பத்தொன்று வரைக்கும் அங்கேயே நின்றார். அந்த இரண்டு கிழமையும் நான் அவித்த பருப்பைச் சாப்பிட்டதாவது உங்களுக்கு நினைவிருக்கும்.

இதை அம்மாவிடம் மறைக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. சொல்லுங்கள். நான் செத்தாலும், யார் செத்தாலும், அம்மாவிடம் அந்த நிமிசமே சொல்லுங்கள். கதிரையில் இருத்தவும் வேண்டாம்.

அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போன மறுநாள் உங்களைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் பிளாசாவில் இறங்கினேன். ஒரு முத்திரை வாங்கினேன். போஸ்ட்காட்டை எடுத்து, அம்மா ஒட்டியிருந்த இங்கிலாந்து முத்திரையின் மேல், ராணியின் முகத்துக்கு மேல் ராணியின் முகமாக, கனடா முத்திரையை ஒட்டினேன். சேட்டுப் பையில் கிடந்து விலாசத்தின் மை கொஞ்சம் கலைந்திருந்தது. என் பேனையால் அம்மப்பாவின் பெயரை அதே எழுத்துகளின் மேல் இன்னொருமுறை எழுதினேன். பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைத் திறந்து போட்டேன். மூடியை விட்டதும், உள்ளே விழுந்ததா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.